என் ஜாதகத்தை ரிப்பேர் பார்த்த சனிக்கிழமை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் அம்மாவுக்குப் புரியவைக்க இன்றுவரை முடியவில்லை. மனிதர் மாதிரி பேசிப் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை எங்கள் கம்பெனி விற்கிறது. அது தப்பும் தவறுமாகப் பேசினால் ஜனங்கள் திட்டி எழுதுவார்கள். ஏன் அப்படி ஆயிற்று, எதை மாற்ற வேண்டும் என்று நான் கண்டுபிடித்துச் சொல்வேன். இத்தனையும் பொள்ளாச்சியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கம்ப்ளெய்ன்ட் ஆபீசா?" என்பாள். ஆமாம், கம்ப்ளெய்ன்ட் ஆபீஸ்தான். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு பெட்ரூம் வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு நடத்துகிறேன்.

இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு மனிதர்கள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. நேற்று ஒன்று சொன்னது, இன்று வேறு சொல்கிறது என்று ஒருவர் குதிப்பார். நேற்று அவர் கேட்டது வேறு, இன்று கேட்டது வேறு. அது அவருக்குத் தெரியாது. மங்கலான போட்டோவை அனுப்பிவிட்டு அதிலிருக்கும் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டது என்பார்கள். அவர்களாலேயே படிக்க முடியாத எழுத்தாக இருக்கும். இன்னொரு கூட்டம் இருக்கிறது. தனக்கு வேண்டிய பதிலை மனதில் வைத்துக்கொண்டு, அது வரும்வரை கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போடும். வந்ததும் நிம்மதியாகப் போய்விடும். இவர்கள் எங்களுக்கு எழுதுவதே இல்லை. இவர்களுடைய பெண்டாட்டியோ பார்ட்னரோதான் எழுதுவார்கள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன். ஒரு தடவைகூட நான் வருந்தியதில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவனைப் பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் பேட்மின்டன் ஆடப் போன இடத்தில் சந்தித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மை வாடகைக்கு எடுத்து எங்கள் கூட்டம் ஆடும். அவன் நன்றாக ஆடுவான், ஆனால் ஜோடியாக ஆடும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் விழும் பந்தை அடிக்க மாட்டான். நான் அடிப்பேன் என்று நின்றுவிடுவான். இதை நான் அப்போதே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

ஈரோட்டுக்காரன். ஒரு மருந்துக் கம்பெனியில் ஐடி வேலை. நல்ல சுபாவம், கோபமே வராது, எதற்கும் சரி என்பான். முடிவு எடுப்பது மட்டும் அவனுக்கு ஆகாது. எந்த மெத்தை வாங்குவது, மேனேஜரின் ஈமெயிலுக்கு என்ன பதில் போடுவது, தலைவலிக்கு எந்த மாத்திரை என்று எல்லாவற்றையும் எங்கள் கம்பெனி சாட்பாட்டிடம் கேட்பான். என் பிறந்தநாளுக்கு அவன் எழுதித் தந்த வாழ்த்துகூட அது எழுதியதுதான். அந்த வாக்கியங்களின் நடை எனக்குத் தெரியாதா, நாளெல்லாம் அதைத்தானே படிக்கிறேன். ஆனால் நன்றாக இருந்தது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணம் என்று முடிவு செய்தது நான். அவன் சரி என்றான். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் பார்த்துச் செய்த மாதிரி இருக்கட்டும் என்று சொன்னதும் நான். அதற்கும் சரி என்றான். எனக்கு முப்பத்துநான்கு வயது. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "உங்க பொண்ணுக்கு எப்ப?" என்று கேட்கிறார்கள் என்பதற்காக அம்மா கல்யாணங்களுக்குப் போவதையே விட்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டுவதில் அப்படி ஒரு பிரியம் உள்ளவள். இவனைப் பற்றி நான் சொன்ன அன்று, பீரோவைத் திறந்து எல்லாப் புடவைகளையும் வெயிலில் போட்டாளாம்.

கோடையில் அவனுடைய அம்மா விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார். வந்ததும் என் ஜாதகத்தைக் கேட்டார். கொடுத்தோம். எங்கள் பக்கத்து ஜோசியர் நல்ல பொருத்தம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெண் வீட்டு ஜோசியர் வேறென்ன சொல்வார் என்று அவன் அம்மா அதை ஒதுக்கிவிட்டார். அது நியாயமும்கூட. அவர்கள் குடும்ப ஜோசியரோ கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஈரோட்டில் படுத்திருந்தார். அப்போதுதான் இவன், எதற்கம்மா காத்திருக்க வேண்டும், சாட்பாட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னான். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. அவருடைய நட்சத்திரத்தின் குணம் என்ன என்று கேட்டுப் பார்த்தாராம். தாராள மனசு, ஆனால் பிறர் அதைப் புரிந்துகொள்வதில்லை என்று அது சொல்லியிருக்கிறது. அதிலிருந்து முழு நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்து அவன் போன் செய்தான். ரஜ்ஜு தட்டுகிறதாம். பத்துப் பொருத்தத்தில் எது போனாலும் ரஜ்ஜு போகக்கூடாது என்பார்கள். அது இல்லாவிட்டால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாவிடம் அதற்கு மேல் பேசவே முடியாது. இதையெல்லாம் அவன், நாளைக்கு மழை என்று சொல்வதுபோலச் சொன்னான்.

நான் சிரித்தேன். என்ன அனுப்பினாய் என்று கேட்டதும் அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்பினான். நாலாக மடித்து மடித்துக் கிழியப்போகும் காகிதம், ஓரமெல்லாம் மஞ்சள், ஜோசியர் கைப்பட எழுதிய கட்டங்கள். சூரியனுக்கு "சூ", சந்திரனுக்கு "சந்". மடிப்பு சரியாகச் சந்திரன் மேலேயே விழுந்திருந்தது. அதை எந்த மிஷின் படித்தாலும் பக்கத்துக் கட்டத்தில்தான் சந்திரனை உட்காரவைக்கும். சந்திரன் இடம் மாறினால் ராசி போச்சு, நட்சத்திரம் போச்சு, எல்லாம் போச்சு. யாரோ ஒரு பெண்ணுடைய ஜாதகத்துக்குப் பொருத்தம் இல்லை என்று அது சொல்லியிருக்கிறது. அந்தப் பெண் நான் இல்லை.

இதைச் சொன்னபோது அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "ஓ, அப்படியா" என்றான். பின்னால் அவன் அம்மாவின் குரல் கேட்டது. அந்தப் பொண்ணு இதே வேலதானே பாக்குது, வந்து சரி பண்ணிட்டுப் போகச் சொல்லு என்றார். அவன் கொஞ்சம் நிறுத்தி, சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டான். என் அம்மாவுக்கு அப்போதே சொல்லிவிட்டேன், சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிடும் என்று. அங்க போயி வாய் பேசாம இருந்துட்டு வா என்று அவள் கெஞ்சினாள்.

பெண் பார்க்க வருவார்கள், பெண் பஜ்ஜித் தட்டோடு நிற்பாள், பாடச் சொல்வார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். லேப்டாப் பையோடு போய், தன் ஜாதகத்தைத் தானே ரிப்பேர் பார்த்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவன் அபார்ட்மென்டில் அவர் ஹால் சோபாவில், நைட்டிமேல் மகனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கொளுத்துகிறது, உள்ளே ஏசி. நான் வணக்கம் சொல்லி, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இழுத்தேன்.

"ஆன்ட்டின்னே கூப்பிடு கண்ணு, இப்போதைக்கு."

அப்புறம் என்னைப் பார்த்தார். கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே, காம்பைத் தூக்கி, திருப்பி, அப்படி. போட்டோவில் இன்னும் கொஞ்சம் கலராக இருந்தேனே என்றார். இங்கே வெயில் ஜாஸ்தியா என்று அவரே எனக்கு ஒரு சாக்கும் எடுத்துக் கொடுத்தார். முப்பத்துநாலு ஆச்சில்ல, இனிமே குழந்தைக்கு டாக்டர்கிட்டப் போக வேண்டியிருக்கும், இங்க இன்சூரன்ஸ்ல அது வருமா என்று விசாரித்தார். முடி எப்பவும் இவ்வளவுதானா என்றார். எதிலும் வன்மம் கிடையாது. கடைக்காரனிடம் கேட்பதைக் கத்தரிக்காயிடமே கேட்டார், அவ்வளவுதான். அவன் சமையல் மேடைக்குப் பின்னால் நின்று, பாத்திரங்களை டிஷ்வாஷரில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த ஸ்பூன்களை அவன் அடுக்கிய அழகை நான் மறக்க மாட்டேன்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. தவிர, எனக்கு அவன் வேண்டும். இதை ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் கோபப்படாத முகம் எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் அப்படி ஒரு முகம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகக் கத்தரிக்காயாகச் சிறிது நேரம் இருந்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

ரிப்பேரைப் படிப்படியாக, அவருக்குக் காட்டிக் காட்டியே செய்தேன். முதலில் அந்தப் போட்டோவைப் போட்டு, இதில் சந்திரன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பக்கத்துக் கட்டத்தைச் சொன்னது, கொஞ்சமும் தயங்காமல். அந்த அம்மா காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட இவனே, இத்தனை நம்பிக்கையாப் பொய் சொல்றானே" என்றார். பொய் இல்லைங்க ஆன்ட்டி, அதற்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது, அதுதான் அதன் வியாதி என்று விளக்கினேன். வேலையில் இதே வாக்கியத்தைப் பதவிசாக எழுத எனக்கு இரண்டு பாரா பிடிக்கும். அவருக்கு உடனே புரிந்தது. இந்த மாதிரி ஆள் எங்க சொந்தத்துல நெறைய உண்டு என்றார்.

அடுத்து போட்டோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேருடைய ராசியையும் நட்சத்திரத்தையும் நானே எழுத்தில் கொடுத்தேன். பொருந்துமா பொருந்தாதா என்று மொட்டையாகக் கேட்காமல், பத்துப் பொருத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, காரணத்தோடு சொல்லச் சொன்னேன். அது தினப் பொருத்தத்தில் ஆரம்பித்து நிதானமாக இறங்கி வந்தது. எட்டு இருந்தது. ரஜ்ஜு இருந்தது. எங்கள் ஊர் ஜோசியர் சொன்ன அதே எட்டு.

"இன்னொருக்கா கேளு கண்ணு."

புதிதாக ஒரு பக்கம் திறந்து மறுபடி கேட்டேன். அதே எட்டு. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார். முகமே மாறிவிட்டது. கலர், முடி, வயது எல்லாம் அந்த எட்டில் அடித்துக்கொண்டு போய்விட்டன. என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை, நல்ல பெண்ணை விட்டுவிடப் போகிறோமோ என்று பயந்துகொண்டே இருந்தேன் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். இப்படி ஒரே மனதில் இரண்டையும் வைத்திருப்பவர்களை எனக்கு எப்படி எடுத்துக்கொள்வதென்றே தெரிவதில்லை.

"இனிமே அத்தைன்னு கூப்பிடு," என்று சொல்லிவிட்டுக் கேசரி கிண்ட எழுந்து போனார்.

நான் அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எல்லாம் சரியாயிருச்சும்மா, அத்தைன்னு கூப்பிடச் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான் சொன்னேன். அம்மா தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன, நிற்கவே இல்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அவன் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன், அத்தை பார்ப்பாரே என்று விட்டுவிட்டேன். சமையல் மேடை ஹாலைப் பார்த்தேதான் இருக்கிறது. அடுப்புக்கு மேலே ஃபேன் ஓடிய இரைச்சலில் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது.

"என் லேப்டாப்லயும் ஒரு தடவ செக் பண்ணிடலாமா?" என்றான்.

எதற்கு என்று கேட்டேன். சும்மாதான், ஒரு கன்ஃபர்மேஷனுக்கு என்றான். அவனுக்கு எதையும் இரண்டு இடத்தில் கேட்டால்தான் நிம்மதி என்பது தெரிந்ததுதானே. அவன் லேப்டாப்பில், அவன் கணக்கில், நான் கேட்டதையே ஒரு எழுத்து மாறாமல் போட்டேன். எட்டுப் பொருத்தம் என்றுதான் இங்கேயும் வந்தது. ரஜ்ஜுவும் இருந்தது. அதோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு அந்த அம்மாவுக்கு மருமகள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி வந்தது. எண்ணிக்கை எப்படி இருந்தாலும், இந்த உறவைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தயக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம் என்று அது அவனுக்கு அன்பாக எடுத்துச் சொல்லியிருந்தது.

நான் தயக்கம் என்று எதையும் எழுதவில்லை. கேள்வியில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை.

இந்தக் கோளாறு எனக்கு மனப்பாடம். தினமும் யாராவது ஒருவர் இதற்காக எழுதுவார்கள். என்றைக்கோ வேறொரு பேச்சில் சொன்னதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். சம்பந்தமே இல்லாத இன்னொரு கேள்விக்கான பதிலில் அதைக் கொண்டுவந்து நுழைக்கும். தீர்வு ரொம்பச் சுலபம். செட்டிங்ஸில் மெமரி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். என் கணக்கில் என் ஜாதகத்துக்கு எட்டும் சம்மதமும். அவன் கணக்கில் எட்டும் தயக்கமும். வித்தியாசம் ஜாதகத்தில் இல்லை.

"மெமரிய ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவ கேக்கலாம்," என்றேன். கை தன்பாட்டுக்குச் செட்டிங்ஸுக்குப் போயிற்று. அது வேலைப் பழக்கம்.

அவன் லேப்டாப் மேல் கையை வைத்தான்.

"வேண்டாம்."

இத்தனை நாள் பழக்கத்தில் அவன் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வசந்தத்திலிருந்தே என்றான். ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் அதனிடம் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தானாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அது என்ன சொன்னது என்றேன். நேராக உட்காரவைத்துச் சொல்லிவிடு, இழுக்க இழுக்க அவளுக்குத்தான் கஷ்டம் என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னதாம். மெத்தையிலிருந்து மாத்திரை வரைக்கும் அது சொன்னதைக் கேட்டவன், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தன் அம்மா வேண்டாம் என்று சொன்னதாக இருந்தால் எனக்கு வலி கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று யோசித்தானாம். இதற்கு நடுவில் சந்திரன் கட்டம் மாறி உட்கார்ந்தது அவனுக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று. அதைத்தான் நான் லேப்டாப் பையோடு வந்து ரிப்பேர் செய்திருக்கிறேன்.

என்னிடம் என்ன குறை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"உன்கூட இருந்தா, நான் எப்பவும் எதையோ தப்பு பண்ணிட்டே இருக்கிற மாதிரி ஃபீல் ஆகுது."

"பண்றதாலதான் அப்படி இருக்கு," என்றேன்.

அதைச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அடுத்த நிமிஷமே அவன் சொன்னது சரிதானோ என்றும் தோன்றியது. இரண்டும் இருந்தது.

ஃபேன் நின்றது. அத்தை மூன்று தட்டுகளில் கேசரியோடு வந்தார், மேலே முந்திரி. எங்களைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்றார்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. உங்க பையனுக்குத்தான் இஷ்டமில்லையாம். நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் மகனைப் பார்த்தார். அவன் கார்ப்பெட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். மகனைத் திட்டுவார், ஏண்டா ஒரு பொம்பளப் பிள்ளையை இப்படிப் பண்ணினாய் என்று நாலு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆனால் நிஜமாகவே காத்திருந்தேன்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா," என்றார் அவனிடம். "ரவையை வறுத்திருக்க மாட்டேன்ல."

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆறினால் நெய் உறைந்துவிடும், சாப்பிட்டுவிட்டுப் போ கண்ணு என்று தட்டைக் கையில் கொடுத்தார். சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல். கேசரி ரொம்ப நன்றாக இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

காரில் ஏறி, பார்க்கிங்கிலேயே அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மிஷின்ல இன்னொரு தடவ கேட்டுப் பாரேன் சாமி, மாத்திச் சொன்னாலும் சொல்லும்ல என்றாள். இல்லம்மா, அது சரியாத்தான் சொல்லுது என்றேன்.

"நீ என்ன பேசித் தொலச்ச அங்க?"

போனை வைத்துவிட்டேன். ரூட் ஒன் நெடுஞ்சாலை முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். அவனுக்காக அழுதேன் என்று சொன்னால் அது பொய். அம்மா மறுபடி புடவைகளை மடித்து பீரோவில் வைப்பாளே, அதை நினைத்தேன். நாள் முழுக்க ஊரார் கோளாறையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் பக்கத்தில் நின்றவனைப் படிக்கத் தெரியவில்லையே என்ற அவமானம் வேறு. திங்கட்கிழமை வேலையில் முதல் கடிதமே, மெமரியால் பதில் மாறுகிறது என்ற புகார்தான். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் நிஜம்.

பேட்மின்டனுக்குப் போவதை நிறுத்தினேன். இலைகள் பழுக்கத் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் அம்மா.

"கண்ணு, ஆன்ட்டி பேசறேன். நல்லாருக்கியா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அவன் மிஷின் சரியில்ல, உன்றதுதான் சரியாச் சொல்லுது. ஒரு பொண்ணு ஜாதகம் அனுப்பறேன், பாத்துச் சொல்லு. பொண்ணு பிளானோல இருக்குது, டெக்சாஸ். இந்தத் தடவ அவனையும் கேட்டுட்டேன், சரின்னுட்டான்."

அத்தை மறுபடி ஆன்ட்டி ஆகியிருந்தார். அதைத்தான் முதலில் கவனித்தேன், கேட்கிற தைரியத்தை அப்புறம்தான். கீழே ஜாதகம் இருந்தது. என்னுடையது மாதிரி மடித்துக் கிழிந்த காகிதம் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்த சுத்தமான தாள், சந்திரன் தன் கட்டத்தில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. இருபத்தொன்பது வயது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கோளாறு முன்னால் வந்துவிட்டால் என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. அவன் நட்சத்திரம் எனக்கு மறந்தா போயிருக்கும்? இரண்டையும் எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு பொருத்தமாகக் காரணத்தோடு கேட்டேன். புதுப் பக்கத்தில் மறுபடியும் கேட்டேன்.

பாதிகூடத் தேறவில்லை. ரஜ்ஜு தட்டியது. இந்தத் தடவை நிஜமாகவே தட்டியது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு இருக்கிறது. ரஜ்ஜு இல்லை என்று ஒரு வார்த்தை போட்டால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். சரி என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் விட்டு வந்து அவளைப் பற்றி மிஷினிடம் பேசப்போகிற ஒருவனிடமிருந்து, அவள் காரணமே தெரியாமல் தப்பித்துவிடுவாள். இதை எல்லாம் நன்றாக யோசித்தேன். அவசரத்தில் செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

"பத்துக்குப் பத்துங்க ஆன்ட்டி. தாராளமாப் பண்ணலாம்," என்று எழுதி அனுப்பினேன்.

உடனே கும்பிடும் கைகள் வந்தன, வரிசையாக, என் அம்மாவுடையது போலவே. பிளானோவில் இருக்கும் அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். என்னிடம் யாரும் சொல்லவில்லை.